உப்புத் தண்ணீரில் பிடித்த வாயு

என் அம்மா பொய் சொல்கிறாள் என்று காட்ட ஓர் எண் போதுமாக இருந்தது. எழுநூற்று ஏழு. அதைக் கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் காட்டியவள் நான்தான். அதனால் இதை நான் எழுதுவதுதான் முறை.

இது நடந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் அப்போது விழுப்புரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்து ஏழு மாதம். பள்ளியை ஒட்டி ஒரு விடுதி. கண்டாச்சிபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்த இருபத்தெட்டுப் பெண்கள் அதில் தங்கிப் படித்தார்கள். விடுதியின் சமையற்காரி என் அம்மா. அப்பா திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கியவர். நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது இறந்துபோனார். அதன் பிறகு அம்மா இந்த அடுப்படிக்கு வந்தாள். இந்த அடுப்படியிலிருந்துதான் நான் பள்ளிக்கூடம் போனேன், சென்னைக்குப் போய் வேதியியலில் பட்டம் வாங்கினேன், அதே வளாகத்துக்கு டீச்சராகத் திரும்பி வந்தேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் யாரும் தங்கள் பெயரை எழுதியதில்லை.

சேர்ந்த முதல் நாளே ஒரு டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளைங்க முன்னாடி அவங்கள அம்மான்னு கூப்பிடாதீங்க. மரியாதை போயிடும்" என்று புத்தி சொன்னார். அன்று மதியம் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் நின்று, "அம்மா, இன்னொரு கரண்டி ரசம் ஊத்து" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அம்மா ஊற்றினாள். "டீச்சரம்மாவுக்கு ரசம்தான் பிடிச்சிருக்கு போலக்கீது" என்று பிள்ளைகளைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

அந்த ஆண்டுதான் விடுதிக்குச் சாண எரிவாயு வந்தது. திண்டிவனத்து அலுவலகத்திலிருந்து வந்த ஓர் இன்ஜினீயர் முன்னின்று கட்டினார். பக்கத்துப் பண்ணையின் சாணத்தைக் கரைத்து ஒரு குழியில் விடுவார்கள். குழியின் மேல் கவிழ்த்த பெரிய இரும்பு டிரம், உள்ளே வாயு சேரச் சேர மெல்ல மேலே எழும்பும். அங்கிருந்து ஒரு குழாய் அடுப்படிக்கு வந்தது. முதல் நாள் நீலமாகத் தீ எரிந்தபோது நானும் பிள்ளைகளோடு சேர்ந்து கை தட்டினேன். விறகுப் புகையில் அம்மாவின் கண்கள் ஆண்டு முழுக்கச் சிவந்தே இருக்கும். என் படிப்பு சொன்ன ஒன்று எங்கள் அடுப்படிக்கே வந்துவிட்டது என்று பெருமையாக இருந்தது.

இந்த வாயு எவ்வளவு சூடு தரும் என்று தெரிந்தால்தான் எத்தனை பேருக்குச் சமைக்கலாம் என்று சொல்ல முடியும். அதற்கு வாயுவில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரிய வேண்டும். இன்ஜினீயர் ஒரு பெரிய கண்ணாடிப் புட்டி கொண்டுவந்தார். அதில் தண்ணீரை நிரப்பி, ஒரு வாளித் தண்ணீரில் கவிழ்த்து, வாயுக் குழாயை அடியில் விட்டால் வாயு குமிழ் குமிழாக ஏறித் தண்ணீரை வெளியே தள்ளும்.

"நல்ல தண்ணி கொண்டாம்மா. பாசித் தண்ணி, குட்டைத் தண்ணியெல்லாம் வேணாம். தண்ணி அழுக்குன்னா ரிசல்ட்டும் அழுக்காயிடும்" என்றார்.

நான் குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து இறைத்து, துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். பாதிப் புட்டி வாயு சேர்ந்ததும், மீதிப் பாதித் தண்ணீர் உள்ளேயே இருக்கட்டும், அப்போதுதான் வெளிக்காற்று புகாது என்று சொல்லி, தண்ணீருக்குள்ளேயே தக்கை அடைத்து மெழுகு பூசினார். புட்டி தலைகீழாக ஒரு வைக்கோல் கூடையில் உட்கார்ந்து பஸ்ஸில் சென்னைக்குப் போனது. கூடையை பஸ்வரை தூக்கிக்கொண்டு போனவளும் நான்தான்.

இரண்டு வாரத்தில் சோதனைத் தாள் வந்தது. நூறு பங்கில் எழுபது மீத்தேன். இருபத்தெட்டு கரியமில வாயு. மீதி இரண்டு எரியாத வேறு ஏதோ. தாளைத் தலைமையாசிரியை என் கையில் கொடுத்தார். "நீ கெமிஸ்ட்ரி படிச்சவ. இன்ஜினீயர் போட்ட கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடு" என்றார்.

இந்தக் கணக்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கல்லூரியில் பூமிக்கடியிலிருந்து வரும் இயற்கை வாயுவை வைத்துப் போட்டிருக்கிறேன். அந்த வாயுவை நான் கண்ணால் பார்த்ததில்லை, இன்றுவரை பார்த்ததில்லை. ஆனால் அது எரிந்தால் எவ்வளவு சூடு வரும் என்று தாளில் சொல்லிவிடுவேன். ஒரு கன அடி மீத்தேன் எரிந்தால் ஆயிரத்துப் பத்து வெப்ப அலகு. ஈத்தேனுக்கு ஆயிரத்து எழுநூற்று எழுபது. புரொப்பேனுக்கு இரண்டாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். நைட்ரஜனும் கரியமில வாயுவும் எரியாது, அவற்றுக்குச் சுழி. ஒவ்வொன்றும் நூற்றில் எத்தனை பங்கோ, அதை அதனதன் சூட்டால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அவ்வளவுதான். எந்த நாட்டு வாயுவாக இருந்தாலும் தன் உள்ளே இருப்பதை இந்தக் கணக்கிடம் மறைக்க முடியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. சாதி கேட்காது, அப்பா என்ன வேலை செய்தார் என்று கேட்காது.

எங்கள் சாண வாயுவில் எரிவது மீத்தேன் ஒன்றுதான். ஆயிரத்துப் பத்தில் நூற்றுக்கு எழுபது என்றால் எழுநூற்று ஏழு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பலகையில் போட்டுக் காட்டினேன். தாளில் கையெழுத்துப் போட்டு, பக்கத்தில் பி.எஸ்ஸி. என்று எழுதினேன். டிரம்மில் ஒரு நாளைக்குச் சேரும் வாயு இரண்டு வேளைச் சமையலுக்கும் போதும் என்று முடிவானது. அந்த வாரமே அம்மாவின் மூன்று விறகடுப்புகளையும் கடப்பாரை போட்டு இடித்தார்கள்.

வாயு போதவில்லை.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சோறு முக்கால் வேக்காட்டில் இருக்கும்போது தீ சுருங்கும். டிரம் தரை தட்டி உட்கார்ந்திருக்கும். பிள்ளைகள் அரிசியைக் கடித்துத் தின்றார்கள். இரண்டு பெண்களுக்கு வயிற்றுவலி வந்தது. தலைமையாசிரியை இன்ஜினீயருக்கு எழுதினார். அவர் வந்தார். குழாயைச் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், எங்கும் கசிவு இல்லை. டிரம்மின் உயரத்தை அளந்தார், வாயு சேரும் அளவும் குறையவில்லை. அப்படியே சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, பிள்ளைகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, கணக்குப்படி அஞ்சு பங்கு சூடு இருக்கு. உங்க சமையல் பாத்தா நாலு பங்குதான் ஆவுது. அஞ்சாவது பங்கு எங்க போவுது? பண்ணையாளுங்களுக்கும் சேத்து வடிச்சிக் குடுக்கறீங்களா, இல்ல குழாயத் திறந்து உட்டுட்டுக் கதை பேசிக்கினு இருக்கீங்களா?"

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "அத டிரம்மாண்ட கேளுங்க சார். காத்த நான் இன்னா, முந்தானையில முடிஞ்சிக்கினு போறனா?"

பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. கூட வந்திருந்த தலைமையாசிரியை, அங்கே நின்ற என்னைப் பார்க்காமல் அம்மாவிடம் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பாருங்க. அதுக்கப்புறம் வேற ஆள் வெச்சிக்கறோம். உங்க பொண்ணே சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட கணக்கு. நாங்க என்ன பண்றது?"

மாதக் கடைசிக்குப் பதினொரு நாள் இருந்தது.

அன்று நான் அம்மாவுக்காக வாய் திறக்கவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை எழுதினால் இந்த எழுத்துக்கு மதிப்பில்லை. பாத்திரம் கழுவும் இடத்தில், இரண்டு வேலைக்காரப் பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க, "எங்கியோ நீதாம்மா வீணாக்குற. யோசிச்சிப் பாரு" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "கணக்கு தப்பாவே வராதா?"

"மூணு வாட்டி போட்டுப் பாத்துட்டேன். சரியாத்தான் வந்துச்சு."

"அப்ப சரி. கணக்கு போட்டது நீ. அடுப்பாண்ட நின்னது நானு. ரெண்டு பேர்ல ஒருத்தி பொய் சொல்றோம்." கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அது தீயே இல்லடி. தண்ணி ஊத்தின மோரு. சவசவன்னு எரியுது. உன் காயிதத்துல இன்னா எழுதியிருக்குதோ, என் அடுப்புல எரியறது அது இல்ல."

மறுநாள் காலை கேப்பைக் கூழுக்கு உப்பு எடுக்க நானே போனேன். அம்மா என்னோடு பேசவில்லை, எடுத்துக் கொடுக்கவும் இல்லை. அடுப்படி மூலையில் மரக்காணத்துக் கல்லுப்புப் பானை இருக்கும். ஈரத்தில் உப்புக் கசிந்து, பானையின் வெளிப்புறம் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது. விரலால் சுரண்டினேன். இதே வெள்ளையை வேறு எங்கோ சுரண்டியிருக்கிறேன் என்று கை சொன்னது.

கல்லூரிச் சோதனைச்சாலையில். வாயு பிடிக்கும் கண்ணாடித் தொட்டியின் விளிம்பில் இதே போலப் பூத்திருக்கும். முதல் நாள் அதை அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியால் துடைக்கப் போனேன். சோதனைச்சாலை ஊழியர், "தண்ணிய மாத்திடாதீங்கம்மா, அது உப்புக் கரைச்சு வெச்சது" என்று கத்தினார். ஏன் உப்பு என்று நான் கேட்கவில்லை. பாடப்புத்தகத்தில் ஒரு வரி இருந்தது, தேர்வுக்காக அதை மனப்பாடமும் செய்திருந்தேன். வாயுவை உப்பு நிறையக் கரைத்த நீரின் மேல் பிடிக்க வேண்டும், ஏனென்றால் கரியமில வாயு வெறும் நீரில் கரைந்துவிடும்.

கூழ்ச் சட்டியை அப்படியே வைத்துவிட்டேன். பாதிப் புட்டி சுத்தமான கிணற்றுத் தண்ணீர். விழுப்புரத்திலிருந்து சென்னை வரைக்கும் பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கிப் போயிருக்கிறது. வழியெல்லாம் தண்ணீர் கரியமில வாயுவைக் குடித்திருக்கிறது. மீத்தேன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, அப்படியே இருந்திருக்கும். சென்னையில் புட்டியைத் திறந்தவர்கள் மிச்சத்தை அளந்து எழுபது என்று எழுதினார்கள். அவர்கள் அளந்தது சரி. நான் பெருக்கியதும் சரி. புட்டிக்குள் இருந்ததுதான் எங்கள் டிரம்மில் இருந்தது அல்ல.

பானையிலிருந்து உப்பை இரண்டு கைகளாலும் ஒரு குண்டானுக்கு அள்ளினேன்.

"இன்னாடி, ஊறுகாயா போடப் போற?" என்றாள் அம்மா. கோபத்தை மீறிக் கேட்டுவிட்டாள்.

"ஆமா. சாண வாயுவ."

தலைமையாசிரியையிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இதோ பார். நாளைக்கு உன் வேலை நிரந்தரமாகணும். கையெழுத்துப் போட்டுட்டு இப்ப அம்மாவுக்காகக் கணக்கை மாத்துறான்னு பேச்சு வரும்."

"அதனாலதான் மேடம் நான் கணக்குப் போடப் போறதில்ல. நீங்க எல்லாரும் பாக்கற மாதிரி செய்யப் போறேன். இன்ஜினீயரையும் வரச் சொல்லுங்க."

"அவர் வரலைன்னா?"

"வரலைன்னா பிரேயர்ல பிள்ளைங்க முன்னாடி செய்வேன்."

அவர் வரச் சொல்லி எழுதினார்.

இன்ஜினீயர் இரண்டு நாள் கழித்துக் காலை பஸ்ஸில் வந்தார். சோதனை அறையில் அவர், தலைமையாசிரியை, நான். ஜன்னலுக்கு வெளியே பத்தாம் வகுப்பு முழுக்க. விரட்ட விரட்ட வந்துகொண்டே இருந்தார்கள். அம்மாவைக் கூப்பிட்டேன். "சோறு யார் வடிக்கிறது?" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

அளவுக்கோடு போட்ட, ஒரே அளவான இரண்டு புட்டி எடுத்துக்கொண்டேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், துணியில் வடிகட்டியது. இன்னொன்றில் இதற்கு மேல் கரையாது என்னும் அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீர். இரண்டிலும் அதே குழாயிலிருந்து நூறு கோடு அளவு வாயுவைப் பிடித்து, பாதித் தண்ணீரை உள்ளேயே விட்டு அடைத்தேன். அவர் செய்தது போலவே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல்.

கிணற்றுத் தண்ணீர்ப் புட்டியை அவரிடம் நீட்டினேன். "குலுக்குங்க சார்."

"நானா?"

"நான் குலுக்கினா நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லுவீங்க."

அவர் குலுக்கினார். கோட்டு மாட்டிய மனிதர் புட்டியைக் குலுக்குவதைப் பார்த்து ஜன்னலில் ஒருத்தி, "சார், சென்னை பஸ்ஸு திண்டிவனம் தாண்டிடுச்சா?" என்றாள். "இன்னும் கூட்டேரிப்பட்டே வரல" என்றாள் இன்னொருத்தி. தலைமையாசிரியை அதட்டினார், ஆனால் அவர் உதடும் சிரிப்பில் துடித்தது.

புட்டியைத் தண்ணீருக்குள் கவிழ்த்துத் தக்கையை எடுத்தேன். யாரும் தொடாமலே வெளித் தண்ணீர் சரேலென்று உள்ளே ஏறியது. நூறாக இருந்த வாயு எண்பதாக நின்றது. இருபது கோடு காணோம்.

"அஞ்சுல ஒரு பங்கு சார்" என்றேன். "எங்க போச்சு? நம்ம யார் முந்தானையிலயும் இல்ல."

உப்புத் தண்ணீர்ப் புட்டியை அவராகவே எடுத்துக் குலுக்கினார், முதலாவதை விட அதிக நேரம். திறந்தபோது ஒரு கோடு குறைந்ததோ என்னவோ, அவ்வளவுதான்.

பிறகு இரண்டிலும் காஸ்டிக் சோடாக் கரைசலை விட்டேன். அது மிச்சமிருக்கும் கரியமில வாயு முழுவதையும் விழுங்கிவிடும். இரண்டும் ஐம்பத்தெட்டில் வந்து நின்றன. உப்புத் தண்ணீர்ப் புட்டியில் நூற்றுக்கு நாற்பத்திரண்டு பங்கு கரியமில வாயு இருந்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்ப் புட்டியில் எண்பதுக்கு இருபத்திரண்டு. அதை நூற்றுக்கு என்று மாற்றிப் பலகையில் எழுதினேன். இருபத்தேழரை. சென்னைத் தாளில் இருந்த இருபத்தெட்டு எங்கள் பள்ளி மேசைமேல் வந்து உட்கார்ந்திருந்தது.

"இது ஸ்கூல் ஜாடிம்மா" என்றார் அவர். குரலில் பலமில்லை. "இன்னொரு வாட்டி பண்ணு."

இன்னொரு தரம் செய்தேன். மூன்றாம் தரம் அவரே செய்தார். ஒரு கோடு முன்பின், அதற்கு மேல் மாறவில்லை. ஐம்பத்தெட்டில் எரியாத அந்த இரண்டைக் கழித்தால் மீத்தேன் ஐம்பத்தாறு. ஆயிரத்துப் பத்தால் பெருக்கினால் ஐந்நூற்று அறுபத்தாறு. எழுநூற்று ஏழில் ஐந்தில் நான்கு பங்கு. என் அம்மாவின் அடுப்பு தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சொன்னதும் அதுதான்.

"எல்லா ஊர்லயும் இப்படித்தான் எடுக்கிறோம்" என்றார் அவர், தனக்குத்தானே சொல்வது போல.

"அப்ப எல்லா ஊர்லயும் யாரோ ஒரு சமையற்காரி கெட்ட பேரு வாங்கிக்கினு இருப்பாங்க சார்." அவர் முன்னால் என் பேச்சு ஊர்ப் பேச்சாகிவிட்டது தெரிந்தது. திருத்திக்கொள்ளவில்லை.

தலைமையாசிரியை மெதுவாகச் சொன்னார், பழைய தாளை எடுத்துவிடலாம், அம்மா வேலையில் இருக்கட்டும், விறகடுப்பு ஒன்றைத் திரும்பக் கட்டிவிடலாம், இத்தோடு விட்டுவிடு என்று. விடவில்லை. பழைய தாளை வரவழைத்தேன். எழுநூற்று ஏழுக்கு அடியில் என் கையெழுத்து பெரியதாக, அழகாக இருந்தது. அதன் மேலேயே குறுக்கே கோடு போட்டு, "வாயு வெறும் நீரில் பிடிக்கப்பட்டது. இந்த மதிப்பு தவறு. சரிபார்த்தவளும் தவறினாள்" என்று எழுதி மறுபடி கையெழுத்திட்டேன். புதுத் தாளில் ஐந்நூற்று அறுபத்தாறு என்று எழுதி, சமையலில் வாயு வீணாகவில்லை என்ற வரியையும் சேர்த்து இன்ஜினீயர் பக்கம் தள்ளினேன். அவர் நான்கைந்து தரம் படித்தார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். அடுத்த பஸ் இருக்கிறது என்றேன். கையெழுத்துப் போட்டார்.

"இதை இன்னிக்குச் சாப்பாட்டுக் கூடத்துல படிக்கணும் மேடம். பழி சொன்னது அங்கதான்" என்றேன்.

"யார் படிக்கிறது?"

"நான்தான்."

மதியம் மணி அடித்ததும் இருபத்தெட்டுத் தட்டுகளுக்கு முன்னால் நின்று இரண்டு தாள்களையும் படித்தேன். சரிபார்த்தவளும் தவறினாள் என்ற வரி வந்தபோது குரல் இறங்கப் பார்த்தது. இறங்க விடவில்லை. பாத்திரம் கழுவும் பெண்கள் இருவரும் வாசலில் நின்று கேட்டார்கள். அவர்கள் பக்கம் திரும்பி அந்த வரியை இன்னொரு முறை படித்தேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. பருப்பு தாளிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

பிறகு உள்ளே போனேன். இடித்த இடத்தில் அம்மா அதற்குள் மூன்று கல்லைக் கூட்டி விறகு வைத்திருந்தாள். ஒரு பக்கம் வாயு, ஒரு பக்கம் விறகு. புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கணக்கு சரியா வந்துச்சா?"

"வந்துச்சும்மா. மூணு வாட்டி பாத்துட்டேன்."

அம்மா விறகை உள்ளே தள்ளினாள்.

"போன வாட்டியும் இதான் சொன்ன" என்றாள். என் தட்டை வாங்கி ரசம் ஊற்றினாள்.